பழைய மோட்டார் சைக்கிளில் கூலன்ட் கசிவு: இருமுறை பார்க்க வேண்டிவந்த ஒரு பழுதின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

காரைக்குடியில் நான் நடத்திவரும் சிறிய இருசக்கர வாகனப் பட்டறைக்கு 2024 ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் வந்த ஒரு வண்டியைப் பற்றியது இந்த ஆய்வு. 150 சிசி, ஒற்றை சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக், கூலன்ட் சுற்றிவந்து எஞ்சினைக் குளிர்விக்கும் வகை. 2009-இல் வாங்கப்பட்ட அந்த வண்டியின் மீட்டர் 71,000 கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது. உரிமையாளர் பள்ளத்தூரைச் சேர்ந்தவர். கல்லூரியில் படிக்கும்போது வாங்கிய வண்டியை விற்க மனமில்லாமல் இன்றும் அதிலேயே காரைக்குடிக்கு வேலைக்கு வந்துபோகிறார். வண்டியின் மேல் அவர் வைத்திருந்த அக்கறையில் குறையில்லை. ஆயிலையும் செயினையும் காலம் தவறாமல் பார்த்துவந்தவர், கூலன்ட் என்பது ஒருமுறை ஊற்றினால் வண்டியின் ஆயுள் முழுவதும் இருப்பது என்று எண்ணியிருந்தார்.

தை மாதக் கடைசியில் கூலன்ட்டுக்கான ரிசர்வ் டேங்கின் மட்டம் கீழ்க்கோட்டுக்கு இறங்கியிருப்பதை அவர் முதலில் கவனித்தார். வீட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி மேல்கோடு வரை நிரப்பினார். பத்து நாளில் மீண்டும் இறங்கியது. மீண்டும் அதே தண்ணீர். இப்படி நான்கைந்து முறை நடந்தது. பங்குனி உத்திரத்தன்று குன்றக்குடி மலையடிவாரத்துக் கூட்டத்தில், காலை ஊன்றிக்கொண்டே அரைமணி நேரம் வண்டியை நகர்த்த வேண்டியிருந்தபோது, வெப்ப எச்சரிக்கை விளக்கு முதன்முறையாக எரிந்தது. ரிசர்வ் டேங்கின் வழிகுழாயிலிருந்து கொதிநீர் வழிந்தது. வண்டியை ஓரமாக நிறுத்தி ஆறவிட்ட பின், வழியில் இருந்த ஒரு பட்டறையில் காட்டியிருக்கிறார். அங்கே, கூலன்ட்டை ஆறவைக்கும் ரேடியேட்டரில் இரண்டு கரண்டி மஞ்சள் தூளைப் போட்டுத் தண்ணீரை நிரப்பி அனுப்பிவிட்டார்கள்.

மஞ்சள் தூள் வைத்தியத்தை லாரி ஓட்டுநர்களிடமிருந்து நம் ஊர்ப் பட்டறைகள் அனைத்தும் கேட்டறிந்திருக்கின்றன. ஆள் நடமாட்டமில்லாத சாலையில் வண்டியை வீடு சேர்ப்பதற்கு அது உதவியிருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. மஞ்சளில் மிகுதியாக இருப்பது மாவுச்சத்து. சூடான நீரில் அது ஊதிக் கூழாகி, நீர் வெளியேறும் சிறு விரிசலில் போய் அடைகிறது. ஆனால் விரிசல் எது, ரேடியேட்டரின் நுண்ணிய குழாய் எது என்று பிரித்தறியும் வழி அந்தக் கூழுக்குக் கிடையாது. லாரியின் அகன்ற ரேடியேட்டரில் பொறுத்துப்போகும் அளவு, ஒரு லிட்டருக்கும் குறைவான கூலன்ட் சுற்றும் சிறிய பைக்கில் பொறுத்துப்போகாது.

முதல் வருகையில் கண்டவை

வண்டி எங்களிடம் வந்தபோது எஞ்சின் முழுவதும் ஆறியிருந்தது. ஆறிய நிலையில் மட்டுமே ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டும். சூடான எஞ்சினில் மூடியைத் திருகினால் அழுத்தம் சட்டென்று விடுபட்டு, கொதிநிலையைக் கடந்த நீர் ஆவியாக முகத்தில் அடிக்கும். அந்தக் காயத்தை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

மூடியைத் திறந்தபோது நீர்மட்டம் கழுத்துக்கு வெகு கீழே இருந்தது. கூலன்ட்டின் பச்சை நிறம் ஏறக்குறைய முற்றிலும் போய், துருவும் மஞ்சளும் கலந்த பழுப்பு நீர்தான் உள்ளே இருந்தது. மூடியின் கீழ்ப்பகுதி ரப்பர் வெடித்திருந்தது. ரேடியேட்டரின் இடது கீழ்மூலையில் கீழ் ஹோஸ் பொருந்தும் இடத்தில், கிளாம்பைச் சுற்றி வெண்மையும் பச்சையும் கலந்த உப்புப் பூத்திருந்தது. ஹோஸை விரலால் அழுத்தியபோது, கிளாம்பை ஒட்டி மயிரிழை வெடிப்புகள் தெரிந்தன.

சிலிண்டருக்கும் அதன் ஹெட்டுக்கும் நடுவே அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்குமோ என்ற ஐயத்தை முதலில் தீர்த்துக்கொண்டோம். ஆயிலில் பால் கலந்தது போன்ற நிறமில்லை; எஞ்சினை ஓடவிட்டு ரேடியேட்டர் வாயைப் பார்த்தபோது தொடர்ந்து குமிழிகள் எழவில்லை; சூடேறிய பின் சைலன்சரில் வெண்புகையும் இல்லை. இவற்றைக் கொண்டு கேஸ்கெட் நல்ல நிலையில் இருக்கிறது என்று முடிவுசெய்தோம்.

இந்த இடத்தில் ஒரு குறையைப் பதிவுசெய்ய வேண்டும். எஞ்சினின் அடிப்பகுதி முழுவதும் செம்மண் புழுதியும் செயின் எண்ணெயும் சேர்ந்து அரை விரற்கடை கனத்துக்கு இறுகிப்போயிருந்தது. நம் பகுதிச் சாலையோரச் செம்மண்ணில் ஓடும் எந்த வண்டியிலும் காணக்கூடியதுதான் அது. அதனாலேயே எங்கள் கண்ணில் அது படவில்லை. நாங்கள் அதைக் கழுவாமல் பார்த்தோம்.

முதல் முடிவும் அதன் காரணமும்

கண்ணுக்குத் தெரிந்த கசிவு ஒன்று. அதற்குப் பொருந்தும் வெடித்த ஹோஸ் ஒன்று. கொதித்து வழிந்ததற்குப் பொருந்தும் பழுதான மூடி ஒன்று. மூன்றும் ஒன்றோடொன்று இசைந்ததால் பழுது முழுவதும் பிடிபட்டுவிட்டது என்று கருதினோம்.

மூடியைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்வது தேவை, ஏனெனில் பின்னால் நடந்தது அதைச் சார்ந்தது. ரேடியேட்டர் மூடியின் வேலை வாயை அடைப்பது மட்டுமன்று. அது ஓர் அழுத்த வால்வு. இந்த வண்டியின் மூடி 1.1 பார் அழுத்தம் வரை தாங்கிப்பிடிக்கும் அளவுடையது. அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீரே 120 டிகிரியைத் தாண்டித்தான் கொதிக்கும். பாதிக்குப் பாதி எத்திலீன் கிளைக்கால் கலந்த கூலன்ட் அதற்கும் மேலே தாங்கும். ரப்பர் வெடித்த மூடி அழுத்தத்தைப் பிடிக்காது. அப்போது உள்ளே இருக்கும் தண்ணீர் 100 டிகிரியிலேயே கொதித்து, ரிசர்வ் டேங்க் வழியாக வெளியேறும். குன்றக்குடிக் கூட்டத்தில் காற்றோட்டமின்றி வண்டி ஊர்ந்தபோது நடந்தது இதுவே.

ஆகவே கீழ் ஹோஸையும் இரண்டு கிளாம்புகளையும் மூடியையும் மாற்றி, உள்ளே இருந்த நீரை வடித்து, சுத்தமான தண்ணீரால் மும்முறை அலசி, புதுக் கூலன்ட் நிரப்பி, காற்றை வெளியேற்றி, ஃபேன் ஓடுவதையும் பார்த்து அனுப்பினோம். பாகமும் கூலியும் சேர்த்து 1,450 ரூபாய் ஆனது. உள்ளே அழுத்தம் ஏற்றிக் கசிவைத் தேடும் அழுத்தச் சோதனையைச் செய்யவில்லை. கார் ரேடியேட்டருக்கான கைப்பம்பு பக்கத்துப் பட்டறையில் இருந்தாலும், பைக்கின் சிறிய கழுத்துக்குப் பொருந்தும் அடாப்டர் எங்களிடம் இல்லை. அதைத் தேடி ஒரு நாளைச் செலவிடத் தேவையில்லை என்று நான்தான் முடிவுசெய்தேன்.

ஒன்பது நாளுக்குப் பின்

ஒன்பதாம் நாள் உரிமையாளர் மீண்டும் வந்தார். ரிசர்வ் டேங்க் மேல்கோட்டிலிருந்து கீழ்க்கோட்டுக்கு வந்துவிட்டது. முன்பு பத்து நாளில் இறங்கிய அதே அளவு. புதுப் பாகங்கள் போட்டும் நிலைமை மாறவில்லை. ஹோஸ் இணைப்புகளைத் தொட்டுப் பார்த்தோம், முற்றிலும் உலர்ந்திருந்தன.

இந்த முறை அவர் தம் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். வண்டியை இரவில் நிறுத்தும் இடம் வீட்டின் பின்கட்டு. முகப்பு ஒரு தெருவிலும் பின்வாசல் மறுதெருவிலும் இருக்கும் நம் பக்கத்துப் பழைய வீடுகளுள் ஒன்று அது; பின்வாசல் வழியாக ஏற்றி, வெளிர்நிற ஆத்தங்குடிக் கல் பதித்த தாழ்வாரத்தில் வண்டியை நிறுத்துகிறார். அந்தக் கல்லின் மேல் உள்ளங்கை அளவு பச்சை ஈரம் படத்தில் தெளிவாகத் தெரிந்தது. மண் தரையாக இருந்திருந்தால் அது யார் கண்ணிலும் பட்டிருக்காது.

படத்தை எடுக்கச் சொன்னவர் அவருடைய அப்பத்தா. எண்பது வயதைக் கடந்த அவர்தான் விடியற்காலையில் பின்கட்டைக் கூட்டுபவர். நான் கைப்பேசியில் அவரிடம் பேசினேன். "தையிலேருந்து தொடைக்கிறேன் தம்பி. ராத்திரி வண்டிய விட்டப்ப இருக்காது, விடிஞ்சா இருக்கும். எப்பவும் கெணத்தடிப் பக்கந்தான்," என்றார். கிணறு இருப்பது, வண்டி நிற்கும் திசையில் வலப்புறம். நாங்கள் மாற்றிய ஹோஸின் வெடிப்பு இடப்புறம். முதல் வருகையில் "கீழே ஈரம் இருக்கிறதா?" என்று கேட்ட நாங்கள், எந்தப் பக்கம், எந்நேரம் என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டிருந்தால், அவற்றின் விடை மூன்று மாதமாக அந்த வீட்டில் காத்திருந்தது.

அவர் சொன்ன இன்னொன்று என்னைத் துணுக்குறச் செய்தது. ஒருநாள் பூனை அந்த ஈரத்தை நக்க வந்ததாகவும், விரட்டிவிட்டதாகவும் சொன்னார். எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவை உடையது. சிறிதளவே ஒரு பூனையைக் கொல்லப் போதும், குழந்தைகளுக்கும் கொடிய நஞ்சு. முதல் வருகையிலேயே இதைச் சொல்லியிருக்க வேண்டியது எங்கள் கடமை, சொல்லவில்லை. அன்றே ஈரத்தைப் பழைய துணியால் ஒற்றி எடுத்து அந்தத் துணியைத் தனியே கட்டி வைக்கவும், இடத்தைச் சோப்பு நீரால் கழுவவும், அந்தப் பக்கம் கதவைச் சாத்தி வைக்கவும் கேட்டுக்கொண்டோம்.

இரண்டாம் ஆய்வு

முதலில் எஞ்சினின் அடிப்பகுதியை மண்ணெண்ணெயும் தூரிகையும் கொண்டு கழுவிக் காற்றடித்து உலர்த்தினோம். செம்மண் அடை பெயர்ந்ததும் வலப்பக்க கிளட்ச் கவரின் கீழ்ப்புறத்தில், கூலன்ட்டைச் சுற்றவிடும் வாட்டர் பம்புக்கு நேர் கீழே, சாம்பல் நிறப் பசை ஒன்று பாதி பெயர்ந்த நிலையில் தெரிந்தது. அதன் நடுவே வீப் ஹோல். விசாரித்தபோது, ஓராண்டுக்கு முன் அந்த இடத்தில் சொட்டுச் சொட்டாக ஏதோ வடிந்ததாகவும், வெளியூர்ப் பட்டறை ஒன்றில் எபாக்சி பசையால் அடைத்ததாகவும் உரிமையாளர் நினைவுகூர்ந்தார்.

வீப் ஹோல் என்பது வார்ப்பில் வந்த குறையன்று, வேண்டுமென்றே விடப்பட்ட துளை. வாட்டர் பம்பின் சுழல்தண்டில் இரண்டு தடுப்புகள் இருக்கின்றன. கூலன்ட் பக்கம் மெக்கானிக்கல் சீல். அதில் வழவழப்பான இரண்டு முகங்கள் ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் ஒன்றன்மேல் ஒன்று உரசிச் சுழல்கின்றன. ஆயில் பக்கம் சாதாரண ஆயில் சீல். இரண்டுக்கும் நடுவில் உள்ள சிறு இடைவெளியிலிருந்து கீழே இறங்குவதே வீப் ஹோல். கூலன்ட் வடிந்தால் மெக்கானிக்கல் சீல் தேய்ந்திருக்கிறது என்று பொருள். ஆயில் வடிந்தால் ஆயில் சீல். இரண்டும் வடிந்தால் தண்டையோ பேரிங்கையோ ஐயுற வேண்டும். அந்தத் துளையை அடைத்தால் கசிவு நிற்பதில்லை, வெளியே போக வழியற்ற கூலன்ட் ஆயில் சீலைத் தாண்டி எஞ்சினுக்குள் போகும். இந்த வண்டியில் பசை பாதி பெயர்ந்துவிட்டதால்தான் எஞ்சின் ஆயில் கெடாமல் தப்பியது.

பக்கத்துக் கார் பட்டறையின் கைப்பம்பை வாங்கி, பழைய மூடி ஒன்றின் நடுவில் டியூப் வால்வைப் பொருத்தி அடாப்டர் ஒன்றைச் செய்துகொண்டோம். அதற்கு இரண்டு மணி நேரம்தான் ஆனது. முதல் வருகையிலேயே செய்திருக்கலாம். எஞ்சின் ஆறிய நிலையில், மூடியின் அளவைத் தாண்டாமல் 1 பார் அழுத்தம் ஏற்றினோம். உலர்ந்த எஞ்சினின் அடியில் முகப்பவுடரைத் தூவி, கீழே வெள்ளைக் காகிதத்தை விரித்தோம். பத்து நிமிடத்தில் முள் 0.7-க்கு இறங்கியது. பவுடரில் ஒரே ஒரு ஈரக்கோடு, வீப் ஹோலிலிருந்து நேராகக் கீழே. ஹோஸ்களிலோ ரேடியேட்டரிலோ வேறெங்கும் ஈரமில்லை.

புது மூடி போட்ட பிறகும் இழப்பு குறையாததன் காரணமும் இப்போது விளங்கியது. பழைய மூடி அழுத்தத்தைப் பிடிக்காத வரை, தேய்ந்த சீலின் மேல் பாரம் குறைவாக இருந்தது. புது மூடி தன் வேலையைச் சரியாகச் செய்யத் தொடங்கியதும் முழு அழுத்தமும் அந்தச் சீலின் மேல் வந்தது. உள்ளே அலசியதில், சீலின் முகத்தில் அடைந்திருந்த மஞ்சளும் படிவும் போய்விட்டன. ஒரு கசிவை நாங்கள் அடைத்தோம். அதே வேலையால் மற்றொன்றைப் பெருக்கினோம்.

பகலில் ஈரம் தெரியாமல் விடியலில் தெரிந்ததற்கும் விளக்கம் உண்டு. ஓடும்போது வடியும் துளி காற்றில் சிதறுகிறது, சூடான கவரின் மேலேயே காய்கிறது. வண்டி ஆறும்போது பழைய ரப்பர் இறுகிச் சுருங்குகிறது. அப்போது வடிவது காய வழியின்றித் தரையில் தேங்குகிறது.

எதைச் செய்வது என்ற முடிவு

உரிமையாளரின் முன் மூன்று வழிகளை வைத்தோம். பழைய வண்டிச் சந்தையில் முழு கிளட்ச் கவரை பம்போடு வாங்கிப் பொருத்துவது முதல் வழி. விரைவானது, ஆனால் அதன் சீலின் வயது யாருக்கும் தெரியாது. மெக்கானிக்கல் சீலை மட்டும் மாற்றுவது இரண்டாவது. இரண்டு சீல்களையும் தண்டையும் கேஸ்கெட்டையும் சேர்த்து மாற்றுவது மூன்றாவது. கவரைக் கழற்றும் வேலையும், ஆயிலையும் கூலன்ட்டையும் வடிக்கும் வேலையும் எந்த வழியிலும் ஒன்றே; 15 ஆண்டு ஓடிய பம்பில் ஒரு சீலைப் புதிதாக்கி மற்றதை விட்டுவைத்தால் இதே வேலையை ஓராண்டில் மீண்டும் செய்ய நேரிடும். ஆகவே மூன்றாவதைப் பரிந்துரைத்தேன். தண்டைப் பற்றிய இறுதி முடிவைப் பிரித்துப் பார்த்தபின் எடுப்பது என்று ஒப்புக்கொண்டோம். முதல் முறை முழுதும் சோதிக்காதது எங்கள் தவறு என்பதால் இரண்டாம் முறைக்குக் கூலி வாங்குவதில்லை என்றும் அப்போதே சொல்லிவிட்டேன்.

"அண்ணே, அதுவரைக்கும் ஓட்டலாமா?" என்று அவர் கேட்டார். ஓட்ட வேண்டாம் என்றேன். சில நூறு ரூபாய் சீலுக்காகக் காத்திருக்க மனமின்றி ஓட்டி, கத்திரி வெயிலில் ஒருமுறை கொதித்தால், அலுமினிய ஹெட் வளைந்து பல மடங்கு செலவாகும். பாகங்கள் மதுரையிலிருந்து வர ஆறு நாள் ஆனது.

பிரித்தபோது

கவரின் போல்ட்டுகளில் ஒன்று அசையவில்லை. எஃகு போல்ட்டும் அலுமினிய வார்ப்பும் சேரும் இடத்தில் உப்பு நீர் புகுந்தால், அங்கே சிறியதொரு மின்கலமே உருவாகி அலுமினியம் அரிக்கப்படும். அரிப்பின் வெண்பொடி மரைகளில் இறுகிவிடும். 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1953 முதல் நம் காரைக்குடியிலேயே இயங்கிவரும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் ஆராயும் துறைகளுள் இந்த உலோக அரிப்பும் ஒன்று. வேலை கற்கும் இளைஞர் சுத்தியல் கொண்டு தட்டித் திருப்ப முனைந்தார். தடுத்து, ஊடுருவும் எண்ணெயை விட்டு ஓர் இரவு முழுவதும் ஊறவைத்தோம். காலையில் கவரை மிதமாகச் சூடேற்றியதும் போல்ட் முறியாமல் வந்தது. முறிந்திருந்தால் இந்த ஆய்வில் இன்னொரு பகுதி சேர்ந்திருக்கும்.

பம்பின் மெக்கானிக்கல் சீலை வெளியே எடுத்துப் பார்த்தபோது, கண்ணாடிபோல் இருக்க வேண்டிய முகத்தில் வட்டவட்டமான கீறல்களும் விளிம்பில் வெண்படிவும் இருந்தன. அந்தப் படிவு ஆழ்துளைக் கிணற்று நீரின் சுண்ணாம்பு. நம் வீட்டு அடுப்படியில் வெந்நீர்ப் பாத்திரத்தின் உட்புறம் வெள்ளையாகப் படிவதும் அதுவே. குடிக்கவும் சமைக்கவும் ஊருணி நீரையும், கூரையிலிருந்து வளவு முற்றத்தில் இறங்கும் மழைநீரையும் அண்டாக்களில் பிடித்துவைத்துப் புழங்கிய ஊர் இது. தரைக்குள்ளிருந்து வரும் நீருக்கும் மேலிருந்து வரும் நீருக்கும் உள்ள வேறுபாடு நம் பெரியவர்களுக்குப் புதிதன்று. வண்டிக்கு ஊற்றும்போது மட்டும் அதை மறந்துவிடுகிறோம். சூடான உலோகத்தில் அந்தச் சுண்ணாம்பு படிகிறது, அதிலிருந்து உதிரும் துகள் சீலின் முகங்களுக்கிடையே அரைபடுகிறது. வெறும் தண்ணீரால் கூலன்ட் நீர்த்துப்போகும்போது அதிலுள்ள அரிப்புத் தடுப்பான்களும் வலுவிழக்கின்றன. நம் பகுதியில் உறைபனி கிடையாது, ஆகவே கூலன்ட் எதற்கு என்று கேட்பவர்களுக்கு என் பதில் இந்த சீல்தான்.

தண்டில் ஆயில் சீலின் உதடு உரசும் இடத்தில் நகத்தால் தடவினால் தட்டும் அளவுக்குப் பள்ளம் இருந்தது. புது ஆயில் சீலைப் பள்ளம் விழுந்த தண்டின் மேல் ஏற்றினால் அது நெடுநாள் நிற்காது, தண்டையும் மாற்றினோம். பேரிங் கரகரப்பின்றிச் சுழன்றது. அதை அப்படியே வைத்துக்கொண்டோம்.

ரேடியேட்டரையும் கழற்றிப் பார்த்தோம். கழற்றும் முன்பே, சூடான எஞ்சினில் வெப்பமானியை ரேடியேட்டரின் குறுக்கே நகர்த்தியபோது நடுவே ஒரு பட்டை மற்ற இடங்களைவிட நன்றாகக் குளிர்ந்திருந்தது. குளிர்ந்த பட்டை என்பது நீர் ஓடாத குழாய்கள். தலைகீழாகப் பிடித்து, ஓட்டத்தின் எதிர்த்திசையில் மெல்லிய அழுத்தத்தில் நீரை விட்டபோது மஞ்சள் கூழ் கட்டிகட்டியாக வந்தது. அழுத்தத்தைக் கூட்டினால் மெல்லிய அலுமினியக் குழாய் பிளந்துவிடும் என்பதால் பொறுமையாக நான்கு முறை செய்தோம். ரேடியேட்டர் கழுவும் திரவத்தை அதன் உறையில் சொன்ன நேரம் ஊறவிட்டு, நீர் தெளிவாக வரும் வரை டிஸ்டில்ட் வாட்டரால் அலசினோம். எஞ்சின் சூடேறியதும் திறந்து கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வான தெர்மோஸ்டாட்டை நீர்ப்பாத்திரத்தில் தொங்கவிட்டுச் சூடேற்றியபோது ஏறத்தாழ 80 டிகிரியில் திறக்கத் தொடங்கியது, அதில் பழுதில்லை.

பொருத்திய விதம்

மெக்கானிக்கல் சீலை அமர்த்தும்போது அழுத்தம் அதன் வெளி விளிம்பில் மட்டும் விழ வேண்டும். விளிம்புக்குச் சரியாகப் பொருந்தும் சாக்கெட் ஒன்றை வைத்து, பெஞ்ச் வைஸில் மெல்ல நெருக்கிச் சாயாமல் இறக்கினோம். சுத்தியலால் அடித்து இறக்குவதால் புதிய சீலே முதல் நாள் முதல் கசிவதை முன்பு கண்டிருக்கிறோம். உரசும் முகத்தை விரலால் தொடவில்லை; கைப்பிசுக்கு கூட அதற்கு ஆகாது. ஆயில் சீலை ஸ்பிரிங் தெரியும் பக்கம் ஆயிலை நோக்கி இருக்குமாறு வைத்தோம்.

கவரின் பரப்பில் ஒட்டியிருந்த பழைய கேஸ்கெட்டைச் சீவிய மூங்கில் துண்டால் சுரண்டினோம். ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டும் வழக்கம் பரவலாக உண்டு. அது அலுமினியத்தில் விடும் கோடு அடுத்த கசிவுக்கு வழியாகும். 6 மில்லிமீட்டர் போல்ட்டுகளைக் குறுக்கும் மறுக்குமாக, இரண்டு சுற்றில், டார்க் ரெஞ்ச் கொண்டு 10 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினோம். வீப் ஹோலில் எஞ்சியிருந்த பசையை முழுவதும் நீக்கி, மெல்லிய கம்பியை விட்டு வழி திறந்திருப்பதை உறுதிசெய்தோம்.

அலுமினிய எஞ்சினுக்கு உரியது, சிலிகேட் இல்லாதது என்று உறையில் குறிக்கப்பட்ட, கலந்தே விற்கப்படும் கூலன்ட்டை நிரப்பினோம். மூடியைத் திறந்து வைத்தபடி எஞ்சினை ஓடவிட்டு, ஹோஸ்களை அமுக்கி, வண்டியை இருபுறமும் சாய்த்து, தெர்மோஸ்டாட் திறந்து மட்டம் இறங்கியதும் மீண்டும் நிரப்பினோம். ஆறிய பின் 1 பார் அழுத்தம் ஏற்றி இருபது நிமிடம் வைத்தோம். முள் அசையவில்லை.

பின் நடந்தவை

வண்டியை உடனே ஒப்படைக்கவில்லை. கானாடுகாத்தான் வழியாகத் திருமயம் வரை மதிய வெயிலில் ஓட்டிச்சென்று திரும்பி, பட்டறை வாசலில் நின்ற நிலையில் எஞ்சினை ஓடவிட்டு, ஃபேன் இருமுறை ஓடி நிற்கும் வரை காத்திருந்தேன். எச்சரிக்கை விளக்கு எரியவில்லை. இரவு முழுவதும் வண்டியின் அடியில் வெள்ளைக் காகிதம் விரித்து வைத்தோம். காலையில் காகிதம் உலர்ந்திருந்தது. பாகம், ஆயில், கூலன்ட், கழுவும் திரவம் சேர்த்து உரிமையாளர் கொடுத்தது 2,900 ரூபாய்.

முதல் வாரத்தில் ரிசர்வ் டேங்கின் மட்டம் மிகச் சிறிதளவு இறங்கியது. அவர் பதறிப்போய் அழைத்தார். உள்ளே தங்கியிருந்த கடைசிக் காற்றுக்குமிழிகள் வெளியேறும்போது அவ்வளவு இறங்குவது இயல்பு என்று விளக்கி, கோட்டில் ஒரு குறி இட்டு வைக்கச் சொன்னோம். அதன் பிறகு மட்டம் அந்தக் குறியிலேயே நின்றது. 500 கிலோமீட்டரில் ஆயிலைப் பார்த்தோம், நிறம் தெளிவு. ஆகஸ்ட் இறுதியில், 3,200 கிலோமீட்டர் ஓடிய பின் மீண்டும் அழுத்தச் சோதனை செய்தோம்; இழப்பு இல்லை. வடித்த பழைய கூலன்ட்டைச் சாக்கடையிலோ வெற்றிடத்திலோ ஊற்றாமல் மூடிய கேனில், ஆடு மாடு நெருங்காத இடத்தில் வைத்திருக்கிறோம். பழைய ஆயில் எடுப்பவரிடம் தனியாகக் குறிப்பிட்டே கொடுக்கிறோம்.

இப்போது மாற்றிச் செய்பவை

கூலன்ட் குறைகிறது என்று வரும் எந்த வண்டியிலும் பாகத்தைத் தொடும் முன் அடிப்பகுதியைக் கழுவி உலர்த்துகிறோம். பிறகு அழுத்தச் சோதனை. தெளிவான கசிவு ஒன்று தெரிந்தாலும் சோதனையை நிறுத்துவதில்லை. அதைச் சரிசெய்த பின் மறுபடியும் அழுத்தம் ஏற்றி, இருபது நிமிடம் முள் நின்றால்தான் வண்டி வெளியே போகிறது. அடாப்டரை மூன்று கழுத்து அளவுகளுக்குச் செய்து வைத்திருக்கிறோம்.

பழைய வண்டியில் ரேடியேட்டர் மூடியை மட்டும் மாற்றுவதை ஒரு சிறு வேலையாக இனி நாங்கள் கருதுவதில்லை. பல ஆண்டு அழுத்தமின்றி ஓடிய ஹோஸ்களும் சீல்களும் திடீரென்று முழு அழுத்தத்தைச் சந்திக்கப்போகின்றன என்பதை உரிமையாளரிடம் முன்பே சொல்லி, பத்தாம் நாள் வண்டியை மீண்டும் காட்டச் சொல்கிறோம்.

வண்டி எங்கே நிற்கிறது, எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறது, ஈரம் எந்தப் பக்கம், இரவிலா விடியலிலா, வீட்டில் அந்த இடத்தைக் கூட்டுபவர் யார் என்று கேட்டு வேலைச்சீட்டில் எழுதுகிறோம். ஓட்டுபவர் வண்டியை மேலிருந்து பார்க்கிறார். கூட்டுபவர்தான் தரையைப் பார்க்கிறார். வீட்டில் குழந்தையோ பூனை நாயோ இருக்கிறதா என்பதும் அதே சீட்டில் இருக்கிறது.

இந்த வண்டியில் இன்னும் ஒரு வேலை மீதம் இருக்கிறது. மேல் ஹோஸ் வண்டியோடு வந்த பழையதே. சோதனையில் கசியவில்லை, ஆனால் அமுக்கினால் இறுகியிருக்கிறது. கூலன்ட்டை இரண்டு ஆண்டில் மாற்றுவதென்று 2026 மே மாதத்தைக் குறித்திருக்கிறோம். ஹோஸ் அதற்குள் தாங்காது என்று கருதி, அதற்கான பாகத்தை மதுரையில் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன். பொங்கல் விடுமுறையில் வண்டியை விட்டுப்போவதாக உரிமையாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.